கல் யானைக் கதையை நாலு வயதுக்குச் சொல்லும்போது

மீனாட்சியம்மன் கோயிலில் எல்லாம் வல்ல சித்தர் சந்நிதிப் பக்கம் கல் யானையைக் காட்டி, சித்தராக வந்த சிவன் அதற்கு உயிர் கொடுத்துக் கரும்பு தின்ன வைத்த திருவிளையாடல் கதையை மகளுக்குச் சொன்னேன். அன்றிரவு, "அப்பா, அது நம்ம தெருவுக்கு வருமா?" என்று கேட்டாள். தூக்கம் போச்சு, அவளுக்கும் எனக்கும்.

தப்பு என்னுடையதுதான். யானை கரும்பு தின்றதோடு விடாமல், பாண்டியன் கழுத்து முத்துமாலையைப் பறித்து விழுங்கியதையும் பிளிறலோடு நடித்துக் காட்டிவிட்டேன். பள்ளி சேராத வயதில் நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவே கோடு இன்னும் சரியாக விழுந்திருக்காது.

இப்போது சொல்வது இப்படி: கரும்பு 'கறுக் மொறுக்', வால் ஆட்டம், மாலையைத் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் கட்டாயம் ஒரு வரி: "மறுபடி கல்லாகி நின்னுருச்சு, இன்னும் அங்கேயேதான் நிக்குது." இந்த வரிதான் கதவுக்குத் தாழ்ப்பாள்.

சிவன் கூலியாளாக வந்து பிட்டுக்கு மண் சுமந்த கதையில் சின்னதுகளுக்கு வந்திப் பாட்டியும் உதிர்ந்த பிட்டும் போதும். ஆவணி மூலத் திருவிழாவின்போது கையில் கொஞ்சம் பிட்டு கொடுத்துச் சொன்னால் இன்னும் நன்று. அந்தக் கூலியாளைப் பாண்டியன் அடித்த பிரம்படியை எட்டு வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "ஒருத்தர் மேல விழுந்த அடி எல்லார் முதுகிலும் ஏன் பட்டுச்சு?" என்று கேட்டால் அவர்களே நியாயம் பேசுவார்கள். அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள்.

நரி பரியான கதை? ராத்திரியில் மறுபடி நரியாகி லாயத்துக் குதிரைகளைக் கடிக்கும் கதை அது. பத்து வயது வரட்டும், அதுவும் பகலில்.