செப்டிக் டேங்க் கட்ட ஆள் பேசும் முன்: அனுபவத்தைச் சோதிப்பது எப்படி?

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் மாசியில் கட்டியது. ஆனியில் மழை பிடித்ததும் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. கட்டியவருக்கு இருபது வருட அனுபவம். ஆனால் அது சுவர் எழுப்பிய அனுபவம். மண்ணுக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று அவர் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டுக் கழிவுநீர் அமைப்பை வடிவமைக்க லைசென்ஸ் வேண்டும். அதற்குக் குறைந்தது 4 வருட அனுபவம் காட்ட வேண்டும். அந்த வருடங்களில் பொறுப்பு கூடிக்கொண்டே வந்திருக்க வேண்டும். தேர்வும் உண்டு. நம் குமரி மாவட்டத்தில் கொத்தனாரிடம் அப்படி ஒரு சீட்டை யாரும் கேட்பதில்லை. அதனால் வீட்டுக்காரர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், அவர் கட்டி மூன்று நான்கு வருடம் ஆன டேங்க்குகளைக் காட்டச் சொல்லுங்கள். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த வீட்டம்மாவிடம், "மழை நேரத்தில் தண்ணீர் ஒழுங்காக இறங்குதாம்மா?" என்று கேளுங்கள். போன மாதம் கட்டியதைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

அடுத்தது கிணறு. விவரம் தெரிந்தவர் விளைக்குள், அதாவது மனைக்குள், கால் வைத்ததுமே கிணறு எங்கே என்பார், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார். டேங்க்கிலிருந்து வெளியே வரும் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிற குழிதான் உறிஞ்சுகுழி. அதற்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சதுரமான 5 சென்ட் மனையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 14 மீட்டர்தான். இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்தால்தான் அந்த 18 கிடைக்கும். அப்போதும் அடுத்த வீட்டுக் கிணறு கிட்டத்தில் வந்துவிடும். இதை அவர் தானாகவே சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

அப்புறம், மண்ணை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். இதை நீங்களே செய்யலாம். உறிஞ்சுகுழி வரும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு, தண்ணீர் உறிஞ்ச வேண்டிய மண் வரை குழி தோண்டுங்கள். அடியில் 5 சென்டிமீட்டர் ஜல்லி போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து நேரம் பாருங்கள். 25 மில்லிமீட்டர் இறங்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் அங்கே உறிஞ்சுகுழி சரிப்படாது. வெயில் காலத்தில் காய்ந்த மண்ணில் ஒரு குடம் கொட்டிவிட்டு, "பாருங்க, குடிச்சிருச்சு" என்பவரை நம்ப வேண்டாம். குளச்சல் மாதிரி கடற்கரை மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கும். ஆனால் அங்கே நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும், அழுக்கு மண்ணில் வடிகட்டப்படாமலே அதில் போய்ச் சேரும்.

கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் டேங்க் வரை எட்டுமா என்பதையும் பேசிவிடுங்கள்.

கடைசியாக, மூடிக்கு கான்கிரீட் போட அடியில் முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகையை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேளுங்கள். கழிவு விழாத புது டேங்க்கிலும் பலகை பிரிக்க இறங்கி மூச்சு முட்டி இறந்திருக்கிறார்கள். மூடிக்கிடக்கும் இடத்தில் ஈரப் பலகை மட்கி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். "ஒரு ஆளை இறக்கினால் போச்சு" என்று சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். மூடியைத் தனித்தனி சிலாப்பாக வெளியே வார்த்து, பிறகு மேலே தூக்கி வைப்பவரைத் தேடுங்கள். அந்த முறையில் மூடிக்காகப் பலகையும் உள்ளே போகாது, அதைப் பிரிக்க ஆளும் இறங்க வேண்டாம்.