சூடேறினால் டெட்டனேஷன் எல்லை எங்கே நகரும்? காகிதத்தில் ஒரு கணக்கு

காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால் தீப்பற்றும் என்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும். அது எரியும் எல்லை. டெட்டனேஷன் என்பது வேறு சங்கதி: அதிர்ச்சி அலை முன்னே ஓட, அது சூடாக்கிய வாயு பின்னே எரிந்து அந்த அலையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதற்கான வரம்பு குறுகலானது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் படி. தொடக்கநிலையில் பலர் இடறுவதும் இங்கேதான்.

படி 2: ஒலிவேகம். 29.6 சதவீத ஹைட்ரஜன் கலந்த காற்றை எடுத்துக்கொள்வோம். அதன் மோலார் நிறை 20.9 கிராம். 300 கெல்வினில் ஒலிவேகம் நொடிக்கு 409 மீட்டர். 600 கெல்வினில் 578 மீட்டர்.

படி 3: மாக் எண், அதாவது அலையின் வேகம் ஒலிவேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது. இந்தக் கலவையில் டெட்டனேஷன் நொடிக்குச் சுமார் 1,970 மீட்டர் வேகத்தில் ஓடும். சூடாக்கினாலும் இது அதிகம் மாறாது, ஏனென்றால் ஒரு கிலோ கலவை வெளியிடும் வெப்பம் அப்படியே இருக்கிறது. ஆகவே மாக் எண் 4.8இலிருந்து 3.4க்கு இறங்கிவிடும்.

படி 4: அலைக்குப் பின்னால் வெப்பநிலை. அதிர்ச்சி அலை அட்டவணையில் காமா (வாயுவின் இரு தன்வெப்பங்களின் விகிதம்) 1.4 என்று வைத்துப் பாருங்கள். முதல் நிலையில் வெப்பநிலை 5.45 மடங்காகி ஏறத்தாழ 1,640 கெல்வின், இரண்டாவதில் 3.2 மடங்காகி ஏறத்தாழ 1,910 கெல்வின். (உண்மை மதிப்புகள் சற்றுக் குறைவு; காமா மாறிலி அல்ல.) தொடக்கத்தை இரட்டிப்பாக்கியும் கிடைத்தது 270 கெல்வின்தானா என்று ஏமாற வேண்டாம். வினைவேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக ஏறுவது. ஹைட்ரஜன் குறைந்த கலவையில் அலைக்குப் பின்னால் வெப்பம் போதாமல்தான் டெட்டனேஷன் அணைகிறது. அங்கே சிறு உயர்வுகூடப் பெரிய உதவி.

படி 5: குழாயோடு ஒப்பிடுதல். வினை விரைந்தால் டெட்டனேஷன் செல்லின் (அலை முகப்பு ஓடும்போது உருவாகும் மீன்செதில் போன்ற அமைப்பின்) அகலம் சுருங்கும். வழவழப்பான வட்டக் குழாயில் அந்த அகலம் விட்டத்தைப் போல் பை மடங்கைத் தாண்டினால் டெட்டனேஷன் நிலைக்காது என்பது தோராய விதி. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 43 சென்டிமீட்டர் விட்டக் குழாயில் ஹைட்ரஜனின் கீழ் எல்லை 20 டிகிரி செல்சியசில் 11.6 சதவீதமாக இருந்தது. 100 டிகிரியில் 9.4 ஆக இறங்கியது.

இனி ஒரு முரண். அழுத்தத்தை மாற்றாமல் சூடாக்கினால் வாயுவின் அடர்த்தி குறையும். ஆகவே 300 கெல்வினில் சுமார் 15.6 வளிமண்டலமாக இருந்த டெட்டனேஷன் அழுத்தம், 600இல் ஏறக்குறைய பாதியாகிவிடும். எளிதில் வெடிக்கும், அடி மட்டும் இலேசு. மூடிய கலத்தில் சூடாக்கினால் இந்தச் சலுகை கிடையாது. அங்கே தொடக்க அழுத்தமும் சேர்ந்தே ஏறுகிறது.