குடல் பாக்டீரியாவும் மனநிலையும்
மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள் செரோட்டோனின். உடலின் செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் உருவாவது குடலில்தான். ஆனால் அது நேராக மூளைக்குள் போய்விடாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடாது. குடலிலிருந்து மூளைக்குச் சேதி போகும் முக்கிய வழி, இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் சுண்டெலிகளுக்கு ஒரு வகை லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவைக் கொடுத்ததும் பதற்றம் குறைந்தது. அந்த நரம்பை வெட்டிய எலிகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை!

மனிதர்களிடம் இவ்வளவு தெளிவான சான்று இல்லை. அதனால் ‘மனநிலையை மேம்படுத்தும்’ புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சாப்பாட்டில் குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் நார்ச்சத்தைக் கூட்டுங்கள், மெதுவாக. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். அப்புறம், சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். சளி வைரஸை அது ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான் சாகும்.