பாறையோடு வந்த ஐப்டேசியாவுக்குச் சுண்ணாம்பு வைத்தியம்

பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியில் உயிர்ப்பாறையை (நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல்பாறை) வைத்த மூன்றாவது வாரம், ஒரு பொந்திலிருந்து குட்டித் தென்னை மாதிரி பழுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. அழகாக இருக்கிறதே என்று படம் வேறு எடுத்து வைத்தேன். அது ஐப்டேசியா, கடல் சாமந்தி வகையில் ஒரு களை. பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சுருங்க வைத்துவிடும்.

முதலில் அதுதானா என்று பாருங்கள். மெல்லிய நீளக் கைகள், ஒளி ஊடுருவும் உடல், குச்சியைக் கிட்டே கொண்டுபோனால் சட்டென்று பொந்துக்குள் ஓட்டம். கை நுனி குமிழாக இருந்தால் அது மஜானோ, இன்னொரு களைச் சாமந்தி. அதற்கும் இதே வைத்தியம்தான். இரவில் டார்ச் அடித்தால் தெரியும் முட்புழுக்களைக் கண்டு பதற வேண்டாம். மிச்சத் தீனியைத் தின்று இடத்தைச் சுத்தமாக வைப்பவை அவை. வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், முள் ஏறும்.

நான் சறுக்கியது அடுத்த இடத்தில். பிளேடை எடுத்துச் சுரண்டினேன். இரண்டு வாரத்தில் ஒன்று பதினொன்றானது. பாறையில் ஒட்டியிருக்கும் பாதத்தில் துளி சதை மிஞ்சினாலும் அதிலிருந்து முழு உயிர் வளரும். சுரண்டாதீர்கள், பிய்க்காதீர்கள், நசுக்காதீர்கள்.

கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதுதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்குமோ, நான் தொட்டியில் போடுவதில்லை. உணவுத் தரத் தூள் போதும். கொஞ்சம் ஆர்ஓ தண்ணீர் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாக, பற்பசையைவிட இளக்கமாகக் குழையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இந்தப் பசையைச் சொட்ட ஊசி வேண்டும். இன்சுலின் ஊசி இரண்டாவது சொட்டிலேயே அடைத்துக்கொண்டது. பிரிண்டர் மை நிரப்ப விற்கும் மழுங்கிய ஊசிதான் சரி.

எல்லா பம்பையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசைவு அடங்கியதும் ஊசியை மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். ஐப்டேசியாவின் கையில் ஊசி பட்டால் அது உள்ளே போய்விடும், அன்றைக்கு அவ்வளவுதான். பட்டும் படாமல் நிறுத்தி, நடுவில் இருக்கும் வாயின் மேல் ஒரு சொட்டு. தீனி என்று நினைத்து அதுவே இழுத்துக்கொள்ளும். அது சுருங்கியதும் பொந்து வாயையும் பசையால் அடைத்துவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து பம்பைப் போடலாம். பவளத்தின் மேல் மட்டும் சிந்தக் கூடாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்க்க ஆசைப்படாதீர்கள், பிஎச் எகிறிவிடும். என் நூறு லிட்டர் தொட்டியில் ஒரு வேளைக்கு நான்கு, ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.

பின்சேர்க்கை: பாறையை எடுத்து வேகவைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அதில் பாலித்தோவா என்ற பவள இன உயிரி ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற நஞ்சு ஆவியோடு கிளம்பும். அதைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொருவர் ஐப்டேசியாவைத் தின்னட்டும் என்று பெப்பர்மின்ட் இறால் விட்டாராம், அது ஐப்டேசியாவை விட்டுவிட்டுப் பவளத்தைத் தின்கிறதாம். படம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதுகில் கூன், உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு: அது ஒட்டக இறால். கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கும்போது முதுகைப் பாருங்கள்.

என் தொட்டியில் இப்போது ஒன்றுதான் பாக்கி. தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள், ஊசி எட்டாத மூலையில் உட்கார்ந்திருக்கிறது.