தாராவிப் பாட்டுக்காரரின் வாழ்க்கையைப் பதிவு செய்வது எப்படி

மும்பை தாராவியில் போராட்டப் பாட்டுப் பாடுகிறவரிடம் "எந்த வருஷம் பிறந்தீங்க?" என்று ஆரம்பித்தால் ஆதார் அட்டையில் இருக்கும் தேதி கிடைக்கும். அது பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட தேதி. பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். "இந்தப் பாட்டை மொதல்ல எங்க வச்சுப் படிச்சீங்க அண்ணாச்சி? பின்பாட்டு யாரு? போலீஸ் வந்துச்சா?" இடம், ஆட்கள், சம்பவம் மூன்றும் வந்துவிடும். வருஷத்தை நாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்குச் சில முளைக்குச்சிகள் கையில் இருக்க வேண்டும்: குடிசைக் கணக்கெடுப்பு (கணக்கில் வந்த குடும்பங்களுக்குக் கொடுத்த அடையாள அட்டைதான் போட்டோ பாஸ்) 1976 ஜனவரி, துணி மில் வேலைநிறுத்தம் 1982 ஜனவரி, இந்து-முஸ்லிம் கலவரம் 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும். "போட்டோ பாஸ் குடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் யோசிக்காமல் பதில் வரும். பாட்டில் வரும் ஊர்ப்பெயர்களை அப்படியே நம்பாதீர்கள். வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கு 1996இல் சி.எஸ்.டி. (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) என்று பெயர் மாறியது. ஆனாலும் ஜனங்கள் இன்னும் வி.டி. என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே பழைய பெயர் எதையும் நிரூபிக்காது. சி.எஸ்.டி. என்று வந்தால் மட்டும் அந்த வரி 1996க்கு முந்தியதல்ல. வரிதான், பாட்டே பிந்தியது என்று எழுதிவிட வேண்டாம், மோர்ச்சாவுக்கு (போராட்ட ஊர்வலத்துக்கு) மோர்ச்சா வரி மாறும்.

தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் வளர்ந்தவர் என்றால் மராத்தி ஷாஹிர்களை (மக்கள் பாடகர்களை) பற்றிக் கேளுங்கள். அந்தக் கேம்ப்பில் வாழ்ந்த அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக்குடனும் கவாண்கருடனும் சேர்ந்து 1944இல் லால் பாவ்டா (செங்கொடி) கலாபதக் என்ற கலைக்குழுவைத் தொடங்கினார். மெட்டு பவாடாவிலிருந்து (மராத்தி வீரக் கதைப்பாட்டிலிருந்து) வந்ததா, திருநெல்வேலி வில்லுப்பாட்டிலிருந்தா என்று பாடியவர் வாயால் பதிவாகட்டும். நாமாக ஊகிக்கக் கூடாது.

பேச்சையும் பாட்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் பேசிய தொண்டை மேல்ஸ்தாயிக்கு ஏறாது. ரெக்கார்டரில் வைக்க வேண்டியது: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மோனோ (ஒரே தடம்) என்றால் மணிக்குச் சுமார் 520 எம்பி பிடிக்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். பறை இருந்தால் பாடகருக்குப் பின்னால் ஆறடி தள்ளி நிறுத்தி, ஓங்கி அடிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். தாண்டி உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. பாட்டு ஓடும்வரை ஃபேனை அணைத்து வையுங்கள். பின்பாட்டுக்கு இரண்டு பேராவது வேண்டும். தனியாகப் பாடச் சொன்னால் பல்லவியை ஒரு தடவையோடு முடித்து, பாட்டைச் சுருக்கிவிடுவார்கள்.

எழுதி எடுக்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. 'சால்', 'கோலி', 'நாக்கா' என்று பாடியதைத் திருத்தி 'குடியிருப்பு', 'அறை', 'முச்சந்தி' என்று போட்டால் சந்தம் உடையும், தாராவியும் காணாமல் போகும். காதில் விழுந்ததை எழுதுங்கள். புரியாத சொல்லுக்கு நிமிடமும் நொடியும் குறித்து, பாடகரிடமே திரும்பப் போங்கள்.

வார்த்தை யாருடையது என்பதைப் பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகக் குறியுங்கள். எழுதியவர் உயிரோடிருக்கும்வரையும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை அவருக்கும் வாரிசுகளுக்கும் உண்டு. ஒப்புதலைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் போதாது. "சரி" என்று அவர் சொல்வதும் பதிவில் இருக்கட்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும் தோழர்களின் பெயர்களை வெளியிடும் பிரதியிலிருந்து எடுத்துவிட்டு, முழுப் பிரதியைப் பென் டிரைவில் போட்டு வீட்டாரிடம் கொடுங்கள்.