ஆட்டக் கடிகாரமும் சதிக் கடிகாரமும்: விளையாட்டுத் திகில் நாவல் எழுதும் முறை

தொழில்முறை விளையாட்டையும் பயங்கரவாதத்தையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவர எண்ணுபவர், முதல் அத்தியாயத்தைத் தொடங்குமுன், தம் சதித்திட்டத்தை அப்படியே தூக்கி ஒரு ரயில் நிலையத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் கதை குறைவின்றி நடக்குமானால், விளையாட்டுக்கு அந்த நாவலில் வேலை இல்லை. திடலில் நடக்கும் ஏதேனும் ஒரு செயல் சதியின் போக்கைத் திருப்ப வேண்டும். இவ்வகை நாவலுக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை அதுதான்.

ஆகவே விளையாட்டை அதன் கடிகாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடி, மொத்த ஆட்டம் 40 நிமிடம்; சிறு சிறு அத்தியாயங்களாக எழுதுவோருக்கு அது ஏற்றது. கிரிக்கெட்டில் வேறொரு வசதி உண்டு. சர்வதேசப் போட்டியின்போது, சூதாட்டத் தடுப்பு விதிகளின்படி வீரர்கள் தங்கள் கைபேசிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், ஆபத்தை அறிந்துகொண்ட அண்ணன் எத்தனை முறை அழைத்தாலும் களத்திலிருக்கும் தம்பியை எட்ட முடியாது.

ஆயினும் குமரி மாவட்டத்தைக் களமாகக் கொள்பவருக்கு நான் கால்பந்தையே சொல்வேன். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள கடற்கரை ஊர்களில் அந்த விளையாட்டுக்கு இருக்கும் பிடிப்பை விளக்க வேண்டியதில்லை. நாக் அவுட் ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டு, கூட்டம் வெளியேறும் வேளையில் தாக்கச் சதிகாரர்கள் நேரம் குறித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இஞ்சுரி டைமில் விழும் ஒரு சமன் கோல் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். எக்ஸ்ட்ரா டைமின் 30 நிமிடமும் காவல்துறையின் கைக்கு வந்துவிடும். கோலடித்த வள்ளவிளைப் பையனுக்கோ தான் செய்தது என்னவென்றே தெரியாது. நடக்கக்கூடியதுதான்: 2016 ஜனவரி 3 அன்று திருவனந்தபுரம் காரியவட்டம் அரங்கில் நடந்த தெற்காசியக் கால்பந்து இறுதிப் போட்டியில், இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என வென்றது எக்ஸ்ட்ரா டைமில்தான்.

நாயகனின் ஊரை நம் கடலோரத்திலும் போட்டியைக் காரியவட்டத்திலும் வைப்பது நலம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் ஐம்பதாயிரம் பேரை உட்காரவைத்தால், தினமும் அந்த வழியே நடந்துபோகும் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். நாயகனின் ஊருக்கும் காரியவட்டத்துக்கும் நடுவே களியக்காவிளை எல்லை வருகிறது. இரண்டு மாநிலக் காவல்துறை, இரண்டு மொழி, ஒரு தகவல் கைமாறுவதற்குள் கழிந்துவிடும் அரைமணி நேரம் என எல்லாமே கதைக்குப் பயன்படும்.

உண்மை நிகழ்வுகளைப் படிக்கும்போது வெடிகுண்டை விட்டுவிட்டு மனிதர்களைக் கவனியுங்கள். 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பேருந்து சுடப்பட்டபோது, ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் அரங்குவரை ஓட்டிச் சென்றார். பின்னர் அந்த மைதானத்திலிருந்தே வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். அப்போது நடந்துகொண்டிருந்த கிரிக்கெட் டெஸ்டில் 214 ஓட்டங்கள் எடுத்திருந்த திலான் சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது. ஆறு மாதத்துக்குள் அவர் இலங்கையின் காலி நகரில் மீண்டும் டெஸ்ட் சதம் அடித்தார். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸ் அரங்குக்கு வெளியே குண்டுகள் வெடித்த ஓசை உள்ளே கேட்டும், பட்டாசு என்று பலர் எண்ணியதால் பிரான்ஸ்–ஜெர்மனி ஆட்டம் இறுதிவரை நடந்தது. ஆரவாரத்துக்குள் அமிழ்ந்துபோகும் அந்த ஓசையை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

இவற்றுள் நாவலாசிரியருக்கு அதிகம் கற்றுக்கொடுப்பது, 2017 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியில் டார்ட்மண்ட் கால்பந்து அணியின் பேருந்தருகே நடந்த குண்டுவெடிப்பு. பயங்கரவாதிகளின் வேலை என்று நம்பவைக்கும் கடிதங்கள் அங்கே கிடைத்தன. பிடிபட்டவனோ, அந்தக் கிளப்பின் பங்கு விலை சரிந்தால் லாபம் வரும்படி சந்தையில் பணம் போட்டிருந்தவன். அணி தங்கிய அதே ஓட்டலில் அறை எடுத்தவன். தொழில்முறை விளையாட்டில் பணம் புரள்வதால் மட்டுமே பிறக்கக்கூடிய சதி அது. ரயில் நிலையத்தில் அதை நடத்த இயலாது.

கடல்வழி ஊடுருவலைச் சேர்க்க விரும்புவோர், கடலோரக் காவல்துறை நடத்தும் ‘சாகர் கவச்’ ஒத்திகையைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள்; போலீசாரில் ஒரு பிரிவினர் தீவிரவாதிகளைப் போல வேடமிட்டுப் படகில் வர, மற்றவர்கள் அவர்களைப் பிடிக்க முயல்வார்கள். 2008இல் மும்பைக்கு வந்தவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றியே வந்தார்கள். தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் விசைப்படகுகள் குஜராத் கடல்வரை போய்வருபவை என்பதால், அறிமுகமில்லாத படகை அந்த மீனவர்கள் எதைக்கொண்டு இனங்காண்கிறார்கள் என்று தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

வில்லனைப் படைப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பணியிலிருந்த காவலர் சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. ஒரு சமூகத்தின் பெயரையே குற்றத்துக்குக் காரணமாக வைப்பது ஆபத்தானது, எழுத்தாளரின் சோம்பலும்கூட. சதிகாரனுக்குத் தனிப்பட்ட கடன், அவமானம், பேராசை ஆகியவற்றுள் ஒன்றையாவது கொடுங்கள். வெடிகுண்டைச் செய்யும் முறையை எழுதவே வேண்டாம்; அது எங்கே இருக்கிறது, எப்போது வெடிக்கும் என்பவை மட்டுமே வாசகருக்குத் தேவை.

சதி முறியடிக்கப்பட்டதோடு நாவலை முடித்துவிடாதீர்கள். ஆட்டத்தில் வென்றது யார் என்பதையும் வாசகர் கேட்பார். எழுதி முடித்த பிரதியைச் கால்பந்து ஆடிய ஒருவரிடமும், ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவரிடமும் கொடுங்கள். முன்னவர் ஆஃப்சைடு பிழையைப் பிடிப்பார். பின்னவர் உங்கள் ஆய்வாளர் யாரைக் கேட்டு எல்லை தாண்டினார் என்று கேட்பார்.