தொடக்ககால அமெரிக்க நூலொன்றைப் பரிசோதிப்பது எப்படி? முதன்முறை முயல்வோருக்கான செய்முறை விளக்கம்

1640க்கும் 1800க்கும் இடையில் அமெரிக்க மண்ணில் அச்சான நூலொன்றின் உள்ளடக்கத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பாக, அந்த நூலையே ஒரு பொருளாகப் பரிசோதித்து, அதை அச்சிட்டவர் யார், முதல் போட்டவர் யார், எத்தனை தாள்கள் செலவாயின, தாளும் எழுத்தும் எங்கிருந்து வந்தன என்பவற்றைக் கண்டறியும் வழியை இங்கே விளக்குகிறேன். இதற்குத் தேவைப்படுபவை இணைய இணைப்புள்ள கணினி, இரண்டு வெற்றுத் தாள்கள், ஒரு பென்சில் ஆகியவை மட்டுமே.

அக்காலத்து அமெரிக்காவில் பதிப்பகம் என்று இன்று நாம் சொல்லும் தனி நிறுவனம் பெரும்பாலும் இருக்கவில்லை. அச்சுக்கூடக்காரர், புத்தகக் கடைக்காரர், நூலாசிரியர், மத அமைப்பு, அரசு, முன்கூட்டியே கையெழுத்திட்டுப் பணம் தர ஒப்புக்கொண்ட சந்தாதாரர்கள் ஆகியோரில் எவர் வேண்டுமானாலும் செலவை ஏற்றிருக்கலாம். ஆகவே 'பணம் யாருடையது?' என்ற கேள்வியை ஒவ்வொரு படியிலும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சரியான பிரதியைத் தேர்ந்தெடுத்தல்

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற தளங்களில் பக்கங்களின் வண்ணப் படங்களாகக் கிடைக்கும் பிரதியையே தேடி எடுக்க வேண்டும். மறுதட்டச்சு செய்யப்பட்ட பாடம் இந்த வேலைக்கு உதவாது. பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களில் எழுத்து தெரியும், ஆனால் தாளின் இழை தெரியாது. அட்டையும் வெற்றுப் பக்கங்களும் உட்பட எல்லாமே படமெடுக்கப்பட்டிருந்தால் நல்லது.

படி 2: முகப்புப் பக்கத்தின் அடிவரிகளைப் படித்தல்

நூலின் பெயரைத் தாண்டி, முகப்புப் பக்கத்தின் அடியில் ஊர், பெயர், தெரு, ஆண்டு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் இரண்டு மூன்று வரிகளுக்கு நேராகச் செல்லுங்கள். அங்கே மூன்று தொடர்களைத் தேட வேண்டும். 'பிரின்டட் பை' என்பதற்குப் பின் வருபவர் அச்சிட்டவர். 'பிரின்டட் ஃபார்' என்பதற்குப் பின் வருபவரே பொதுவாக முதல் போட்டவர். 'சோல்ட் பை' என்பதற்குப் பின் வருபவர் விற்றவர். 'பிரின்டட் அண்ட் சோல்ட் பை' என்று ஒரே பெயர் வந்தால், அச்சுக்கூடக்காரரே துணிந்து இறங்கியிருக்கிறார் என்று தற்காலிகமாகக் கொள்ளலாம்.

தற்காலிகமாக என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் வெளிவந்த தாமஸ் பெயினின் 'காமன் சென்ஸ்' பிரசுரத்தின் முகப்பில், மூன்றாம் தெருவிலுள்ள ஆர். பெல் அச்சிட்டு விற்பதாக மட்டுமே இருக்கிறது. நூலாசிரியர் பெயர்கூட இல்லை. ஆனால் நட்டம் வந்தால் ஈடுகட்டும் பொறுப்பைப் பெயின் தரப்பு ஏற்றிருந்தது. லாபத்தில் பாதி பெல்லுக்கு என்பது ஏற்பாடு. லாபமே இல்லை என்று பெல் கணக்குக் காட்டியதும் இருவருக்கும் சண்டை மூண்டு, பெயின் அடுத்த பதிப்பைப் பிராட்ஃபோர்ட் அச்சகத்திடம் கொண்டு சென்றார். இந்தப் பேச்சுவார்த்தைகளில் எதுவும் முகப்பில் தெரியாது.

வேறு சில முகப்புகள் நிறையவே பேசும். அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெண் கவிஞர் ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்புக்கு 1772இல் பாஸ்டனில் சந்தா திரட்டும் முயற்சி நடந்து, போதிய ஆதரவு கிடைக்காமல் போயிற்று. 1773இல் வந்த நூலின் அடிவரிகள், அது லண்டனில் ஆல்ட்கேட் பகுதிப் புத்தகக் கடைக்காரர் ஏ. பெல்லுக்காக அச்சிடப்பட்டதாகவும், பாஸ்டனின் கிங் தெருவில் காக்ஸ் அண்ட் பெர்ரி கடையில் விற்கப்படுவதாகவும் சொல்கின்றன. எழுதியவர் பாஸ்டனில், பணமும் அச்சும் லண்டனில், வாசகர் இரு கரையிலும் என்ற நிலைமை முழுவதும் அந்த வரிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

மாசசூசெட் என்ற பழங்குடி மொழியில் 1709இல் பாஸ்டனில் வெளிவந்த சங்கீத நூலின் (வேதாகமத்திலுள்ள துதிப்பாடல்களின் தொகுப்பு) முகப்பில், அச்சிட்டவர்களாக பி. கிரீன், ஜே. பிரின்டர் என்ற இரு பெயர்கள் வருகின்றன. ஜே. பிரின்டர் என்பவர் நிப்மக் பழங்குடியைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரின்டர். 1663இல் முழுமையாக வெளிவந்த ஜான் எலியட்டின் பழங்குடி மொழி வேதாகமத்துக்கு அச்சுக்கோத்தவர்களில் இவரும் ஒருவர். முதலோ நற்செய்தியைப் பரப்புவதற்கென இங்கிலாந்தில் அமைந்த குழுமத்துடையது.

அடிவரிகள் அறவே இல்லாத நூல்களும் உண்டு. அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூலான 1640ஆம் ஆண்டின் சங்கீதப் புத்தகத்தில் ஆண்டு மட்டுமே இருக்கும், ஊரும் அச்சிட்டவர் பெயரும் இரா. பிற சான்றுகளைக் கொண்டுதான் அதை மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் அச்சகத்துக்கு உரியது என்கிறோம். அந்த அச்சகத்தை 1638இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப் புறப்பட்ட ஜோஸ் குளோவர் பாதிரியார் கப்பலிலேயே இறந்துவிட, பூட்டுச் செய்பவரான ஸ்டீபன் டே அதை நடத்தினார். தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறியுடன் லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட யோனாஸ் ஃபிங்க்கும் வந்து சேரும் முன்பே இறந்தார் என்பது இங்கே தானாகவே நினைவுக்கு வருகிறது.

படி 3: ஆண்டைச் சரிபார்த்தல்

ஆண்டு பெரும்பாலும் ரோமன் எண்களில் இருக்கும். எம் என்பது 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10. பஞ்சாங்கங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அவற்றின் முகப்பில் இருப்பது அச்சான ஆண்டாக இராமல், பயன்படப்போகும் ஆண்டாக இருக்கும். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் 'புவர் ரிச்சர்ட்' பஞ்சாங்கத்தின் முதல் இதழ் 1733ஆம் ஆண்டுக்கு உரியது, ஆனால் 1732 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

படி 4: ஒரு தாளை மடித்துப் பார்த்தல்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள். கையால் செய்து பார்க்காமல் அடுத்து வருபவை விளங்கா.

ஒரு வெற்றுத் தாளை எடுத்து, நீளவாட்டத்தைச் சரிபாதியாக்கும் வகையில் மடியுங்கள். அதையே மீண்டும் பாதியாகவும், மூன்றாம் முறையும் பாதியாகவும் மடியுங்கள். எதையும் வெட்டாமல், முதுகு இடப்பக்கம் அமையுமாறு சிறு புத்தகம்போலப் பிடித்துக்கொண்டு, மடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்து 1 முதல் 16 வரை பக்க எண்களைப் பென்சிலால் எழுதுங்கள். இப்போது தாளை முழுவதும் விரித்தால், ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகியவையும், மறுபுறத்தில் மற்ற எட்டும் இருக்கும். 1க்குப் பக்கத்தில் 16 இருக்கும். 8ஆம் பக்கமோ 1உடன் தலையோடு தலை சேர்ந்து தலைகீழாக நிற்கும். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளால் அமைந்த எட்டுப் பக்கங்களை இந்த வரிசையில்தான் சட்டத்துக்குள் அடுக்கி முடுக்கினார்.

நம்மூர் அச்சகங்களில் 'ஒரு பாரம் 16 பக்கம்' என்று இன்றும் சொல்வதும், நூல்களின் விவரப் பக்கத்தில் 'டெம்மி 1/8' என்று போடுவதும் இதே மடிப்புக் கணக்கே. ஒரு முறை மடித்தால் தாளுக்கு 2 ஏடுகள் (ஓர் ஏட்டுக்கு முன்னும் பின்னுமாக இரு பக்கங்கள்), இரு முறை மடித்தால் 4, மூன்று முறை மடித்தால் 8. பஞ்சாங்கம், கையடக்க வேதாகமம் போன்றவற்றில் 12 ஏட்டு மடிப்பும் காணப்படும்.

படி 5: அடியிலுள்ள எழுத்துகளைப் பின்பற்றித் தாள்களை எண்ணுதல்

வலப்பக்க ஏடுகள் சிலவற்றின் அடியில் பி, பி2, சி, சி2 என்பன போன்ற குறிகளைக் காண்பீர்கள். இவை வாசகருக்காக இடப்பட்டவை அல்ல, மடித்த தாள்களை வரிசை பிசகாமல் சேர்த்துத் தைப்பதற்காகப் பைண்டருக்கு இடப்பட்டவை. ஜே, டபிள்யூ ஆகிய எழுத்துகளும், யூ, வீ ஆகிய இரண்டில் ஒன்றும் இவ்வரிசையில் வராது. ஆகவே ஐ முடிந்ததும் கே வந்தால் ஏடு தொலைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். முன்னுரையும் முகப்பும் வழக்கமாக இறுதியில் அச்சானதால், ஏ எழுத்தை அவற்றுக்கென விட்டுவைத்து, நூலின் பாடம் பி எழுத்திலிருந்து தொடங்குவதும் இயல்பே. சிறிய அச்சகங்கள் பாதித் தாளையே ஓர் அலகாக மடித்ததும் உண்டு. அப்போது எட்டு ஏட்டு மடிப்பிலும் ஓர் எழுத்துக்கு நான்கு ஏடுகளே இருக்கும்.

இப்போது கணக்கிடுங்கள். 80 பக்கமுள்ள, எட்டு ஏட்டு மடிப்பிலான நூல் என்றால் 40 ஏடுகள், அதாவது 5 தாள்கள். 1000 பிரதிகளுக்கு 5000 தாள்கள். ஒவ்வொரு தாளும் இரு புறம் அச்சாக வேண்டும், மரத்தாலான அக்காலப் பொறியில் ஒரு புறத்துக்கே இரண்டு முறை நெம்புகோலை இழுக்க வேண்டும். ஆக 20,000 இழுப்புகள். ஒருவர் தோல் பந்துகளால் மை தடவ, மற்றவர் இழுக்க, மணிக்கு 250 தாள்களின் ஒரு புறம் என்பதே பேச்சளவிலான வேகம், நடைமுறையில் அது பெரும்பாலும் எட்டப்படவில்லை.

1640ஆம் ஆண்டின் சங்கீத நூலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். அது நான்கு ஏட்டு மடிப்பில் 148 ஏடுகள் கொண்டது, ஆகவே 37 தாள்கள். அச்சான பிரதிகள் சுமார் 1700 என்பதால், ஏறக்குறைய 63,000 தாள்கள் தேவைப்பட்டிருக்கும். குளோவரின் சொத்து தொடர்பாகப் பின்னாளில் நடந்த வழக்கில், அச்சுச் செலவு 33 பவுண்டு, தாளுக்கு 29 பவுண்டு, பிரதியின் விலை 20 பென்ஸ் என்ற கணக்கு பதிவாகியிருக்கிறது. கூலியும் தாளும் கிட்டத்தட்டச் சமமாக நிற்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். விற்குமா விற்காதா என்று தெரியாத நூலுக்காக அவ்வளவு தாளை முடக்க முடியாததால்தான், குடியேற்ற நாட்டு அச்சகங்கள் பஞ்சாங்கம், பிரசங்கம், சட்டத் தொகுப்பு, படிவம் ஆகியவற்றால் பிழைத்தன. கனத்த நூல்கள் பெரும்பாலும் லண்டனிலிருந்து கப்பலில் வந்தன.

படி 6: தாளை உற்றுப் பார்த்தல்

படத்தைப் பெரிதாக்கினால், வண்ணப் பிரதியில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளும் தென்படலாம். இவை தாள் வார்த்த சல்லடைச் சட்டத்தின் கம்பிகள் விட்ட தடங்கள். இடைவெளி மிகுந்த கோடுகள் செங்குத்தாக இருந்தால் இரண்டு அல்லது எட்டு ஏட்டு மடிப்பு, கிடையாக இருந்தால் நான்கு ஏட்டு மடிப்பு என்று ஊகிக்கலாம். 12 ஏட்டு மடிப்பிலும் கிடையாகவே வருவது வழக்கம். கோடுகளே இல்லாத மழமழப்பான தாள் அமெரிக்க நூல்களில் 1790களில்தான் பரவலாகத் தொடங்குகிறது. தாளின் மூலப்பொருள் கந்தல் துணி. அங்கே முதல் தாள் ஆலையை 1690இல் பிலடெல்பியாவுக்கு அருகில் வில்லியம் ரிட்டன்ஹவுஸ் நிறுவினார், அதற்கு முந்தைய நூல்களின் தாள் கடல் தாண்டி வந்ததாகவே கொள்ளுங்கள்.

படி 7: எழுத்துருக்களைப் படித்துப் பழகுதல்

சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து, எஃப் போல நீண்டு தோன்றும். உண்மையான எஃப் எழுத்தின் குறுக்குக் கோடு இரு புறமும் நீளும், நீண்ட எஸ் எழுத்துக்கு இடப்புறம் சிறு முனை மட்டுமே இருக்கும். 1800ஐ ஒட்டி இவ்வடிவம் மறைகிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் அடுத்த பக்கத்தின் முதற்சொல் தனியே அச்சிடப்பட்டிருக்கும், அது அடுத்த பக்கத்துடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பக்கத் தலைப்புகளையும் ஒப்பிடுங்கள். 1640ஆம் ஆண்டு நூலில் சங்கீதம் என்று பொருள்படும் 'சாம்' என்ற சொல் இடப்பக்கங்களில் ஒரு விதமாகவும், வலப்பக்கங்களில் கடைசியில் ஓர் எழுத்துக் கூடியும் அச்சாகியிருக்கும்.

எழுத்து வார்ப்புகளும் இறக்குமதிச் சரக்கே. ஃபிராங்க்ளின் லண்டனின் கேஸ்லன் வார்ப்பகத்திலிருந்து வரவழைத்தார், ஜெர்மன்டவுனில் 1743இல் ஜெர்மன் மொழி வேதாகமத்தை அச்சிட்ட கிறிஸ்டோஃபர் சவர் பிராங்க்பர்ட்டிலிருந்து பெற்றார். ஆங்கில வேதாகமத்தை அச்சிடும் உரிமை இங்கிலாந்தில் அரச அச்சகத்துக்கும் இரு பல்கலைக்கழகங்களுக்கும் மட்டுமே இருந்தது. ஆகவே அமெரிக்காவில், பிலடெல்பியா அச்சுக்கூடக்காரர் ராபர்ட் ஐட்கனின் ஆங்கில வேதாகமப் பதிப்பு விடுதலைப் போர்க்காலத்தில், 1782இல்தான் வந்தது. சமாதானமானதும் மலிவான இறக்குமதிப் பிரதிகள் மீண்டும் வந்து அவரை நட்டத்தில் தள்ளின.

படி 8: முகப்பின் மறுபுறத்தையும் கடைசிப் பக்கங்களையும் பார்த்தல்

முகப்பின் மறுபுறத்தில் பதிப்புரிமை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1790 மே 31இல் நிறைவேறிய கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டம் 14 ஆண்டுப் பாதுகாப்பையும், ஆசிரியர் உயிருடனிருந்தால் மேலும் 14 ஆண்டுகளையும் வழங்கியது. வெளிநாட்டார் படைப்புகளுக்கு 1891 வரை பாதுகாப்பில்லை என்பதால், ஆங்கில நூல்களை மறுபதிப்பிடுவது செலவு குறைந்த தொழிலாயிற்று. சந்தாதாரர் பட்டியல் இருந்தால் பெயர்களோடு ஊர்களையும் கவனியுங்கள், நூல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பயிற்சிக்கு ஒரு நூல்

1721இல் பாஸ்டனில் பி. கிரீன் அச்சிட்ட, அவ்வூர்ப் பாதிரியார் காட்டன் மேதரின் 'இந்தியா கிறிஸ்தியானா' தமிழ் வாசகர் தொடங்குவதற்கு ஏற்றது. அமெரிக்கப் பழங்குடியினரிடையே நடந்த மதப் பணியைப் பற்றிய உரையுடன், தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்குக்கு மேதர் எழுதிய கடிதமும், சீகன்பால்கு 1719இல் இறந்துவிட்டதால் அவருடைய சகா குரூண்ட்லர் எழுதிய பதிலும் அதில் உள்ளன. மேலே சொன்ன எட்டுப் படிகளின்படி முகப்பு வரி, ஆண்டு, மடிப்பு, தாள் எண்ணிக்கை, தாளின் கோடுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு 1800 வரையிலான அமெரிக்க அச்சு நூல்களைப் பட்டியலிட்ட சார்லஸ் எவன்ஸின் எண்ணைக் கொண்டு நூலகப் பட்டியலில் தேடி ஒப்பிடுங்கள். பக்க எண்ணிக்கை வேறுபட்டால், முதலில் அடியெழுத்து வரிசையைத் திரும்பப் பார்த்து, ஏடு விடுபட்டது நூலிலா படமெடுப்பிலா என்று தீர்மானித்த பின்னரே உங்கள் குறிப்பைத் திருத்துங்கள்.